கோப்பை ஆட்டத்துச் சட்டை

லீக் ஆட்டங்களில் சீராக இருக்கும் மகனின் இதயத் துடிப்பு, கோப்பை ஆட்டமென்றால் மட்டும் தொடங்கும் முன்பே தலைதெறிக்க ஓடுவது ஏனென்று திலகேஸ்வரிக்கு விளங்கவில்லை. ஆல்டன்ஃபோர்ட் அணியின் கோல்காப்பாளன் ஆரூரனின் துடிப்பை, லண்டன் வீட்டில் அவள் போட்டிருக்கும், அவன் உடுப்போடு இணைந்த ரசிகர் சட்டை அப்படியே நெஞ்சில் தட்டிக் காட்டும். இன்னொரு தடவை அப்படி ஓடினால் அவனைக் களத்தில் இறங்க விடமாட்டேன் என்று அணி மருத்துவர் சொல்லிவிட்டார்.

கோப்பை அரையிறுதியன்று அவள் அவனை அழைத்தாள். "உனக்குப் பயமே, ராசா?"

"எனக்கென்ன பயம்? நீங்கள்தான் பயப்பிடுறீங்கள். உங்கட துடிப்பும் என்ர உடுப்புக்கு வருதம்மா, தெரியாதே?"

தெரியாது. லீக்கில் தோற்றால் அடுத்த சனிக்கிழமை உண்டு. கோப்பையில் தோற்றால் அத்தோடு வெளியே. அந்த நினைப்பில் அவள் நெஞ்சு படபடக்க, அது அவனுக்குப் போய், அவனுடையதும் கூடி அவளிடமே திரும்பி, அவளை இன்னும் பயப்படுத்தியிருக்கிறது.

"அப்ப கழட்டி வைக்கிறன்."

"ஐயோ, ஒண்டும் வராட்டில் எனக்கு இன்னும் பயமம்மா."

அவள் சட்டையைக் கழற்றிக் கணவர் குணசீலனுக்கு மாட்டிவிட்டாள். கால்பந்தில் அவருக்கு ஆனா ஆவன்னா தெரியாது. அவர் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, மருத்துவர் ஆரூரனை இறங்கவிட்டார்.

இப்போது லீக் ஆட்டங்களுக்குச் சட்டை அம்மாவுக்கு, கோப்பை ஆட்டங்களுக்கு அப்பாவுக்கு.