ஐப்பசி விலை

படகில் ஏறியதிலிருந்து குணசுந்தரி வாயிலிருந்து முந்தானையை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அவள் தோள்கள் குலுங்கி அடங்கின.

எதிரே உட்கார்ந்திருந்த வீட்டுத் தரகர் ஜஹாங்கீர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். இப்படிக் குலுங்கும் தோள்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். யாருக்குச் சீக்கு என்று கேட்கும் வழக்கமே அவருக்கு இல்லை, படகிலேயே தெரிந்துவிடும்.

அவள் புருஷன் நீலமேகமோ படகின் மறு முனையில் முதுகைக் காட்டியபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. பெண்டாட்டி இந்தப் பாடு படும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் என்னவாம்?

அது 1931ஆம் வருஷத்து ஐப்பசி. எண்ணூர் முகத்துவாரத்துக்கு அக்கரையில் இருக்கும் அந்தத் தீவுக்கு ஐப்பசியில் யாரும் வீடு பார்க்க வருவதில்லை. பங்குனி, சித்திரையில்தான் கூட்டம். க்ஷயரோகத்துக்குக் கடல்காற்று நல்லது என்று பட்டணத்து டாக்டர்கள் சொல்லி அனுப்ப, மீனவர் குப்பத்துக்கு வடக்கே இருக்கும் ஏழெட்டு ஓட்டு வீடுகளுக்கு அடிபிடி நடக்கும். எண்ணூறு ரூபாய்க்குப் போகிற வீடு, மழை பிடித்ததும் முந்நூறுக்கு இறங்கிவிடும்.

தீவில் வெள்ளம் ஏறும் என்கிற பயம்தான் அதற்குக் காரணம் என்று ஜஹாங்கீர் எல்லோரிடமும் சொல்லுவார்.

"பங்குனி வரைக்கும் பொறுக்கக் கூடாதா, நைனா? மழைல இங்க ஒரே பேஜாரு" என்றார் அவர் நீலமேகத்திடம்.

"அவ்ளோ நாள் இல்ல, பாய்."

"வாடகைக்குக் கேட்டுப் பாத்தியா?"

"இந்தச் சீக்குன்னா எவன் பாய் வூடு குடுப்பான்? அதான் இவ நகையெல்லாம் வித்துட்டோம்."

அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது.

தீவில் வீட்டைத் திறந்து காட்டினார். ஒரே அறை, பின்னால் சமையலுக்கு ஒரு சார்ப்பு, ஒரு கிணறு. வாங்க வருகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், பத்திரத்தைக் கேட்பார்கள். நீலமேகம் எதையும் தொடவில்லை.

"படகு தெனமும் வருமா, பாய்?"

"மழைல வாரத்துக்கு ரெண்டு தபா வந்தா அதிகம்."

"போதும். ஒரு ஆளுக்கு மட்டும் கஞ்சி காச்சிக் குடுக்க இங்க யாருனா கெடைப்பாங்களா?"

"ஒரு ஆளுக்கா? மத்தவங்க?"

"மூணு புள்ளைங்க கீது. எல்லாம் கொருக்குப்பேட்டைலயே இருக்கட்டும்."

ஜஹாங்கீருக்கு இப்போது புரிந்தது. வைத்தியம் பார்க்க வரவில்லை இவன். நோயாளியை இங்கே தனியாகத் தள்ளிவிட்டு, வேலைக்குத் திரும்பிப் போகப் போகிறான்.

பக்கத்துக் குப்பத்திலிருந்து பூவம்மா என்கிற மீன்காரி செம்பில் தண்ணீரும் டம்ளரும் கொண்டுவந்தாள். நீலமேகம் டம்ளரை வாங்கவில்லை. குந்தி உட்கார்ந்து, அவளை மேலிருந்து ஊற்றச் சொல்லி, இரண்டு கையையும் ஏந்திக் குடித்தான். மீன்காரி டம்ளர் குமாஸ்தாவுக்கு ஆகாது போலிருக்கிறது என்று ஜஹாங்கீர் நினைத்துக்கொண்டார். அவன்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போயிற்று.

உள்ளே சுவர் மாடத்தில், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன காலி மருந்துப் புட்டிகள் நிறைந்து கிடந்தன. குணசுந்தரி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். மாடத்தைத் துடைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு சின்ன வடிவுடையம்மன் படத்தை எடுத்து அங்கே சாய்த்து வைத்தாள். பிறகு ஜன்னலைத் திறந்து, காற்று வருகிறதா என்று கையை நீட்டிப் பார்த்தாள்.

ஜஹாங்கீரின் மகள் ஷம்ஷாதுக்கும் இந்த வயசுதான். அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை.

நீலமேகத்தின் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு வந்தார். அவன் சட்டென்று கையை விடுவித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றான்.

"நைனா, இந்த வூடு ஏன் முந்நூறுக்கு வருதுன்னு தெரியுமா? வெள்ளமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் சொல்லிகினு திரியறது பொய்யி. பங்குனில நம்பி வாங்கறாங்க. ஐப்பசிக்குள்ள காரியம் முடிஞ்சிடுது. வந்த வெலைக்குக் குடுத்துட்டு ஓடறாங்க. இதே வூட்ட நாலு வருசத்துல நாலு தபா வித்துக்கீறேன். சீக்கோட வந்தவங்கள்ல ஒருத்தர்கூட திரும்பப் படகு ஏறல."

நீலமேகம் இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"எனக்குத் தரகு வாணாம். அந்தப் பொண்ணக் கூட்டிகினு போய்டு. சாவறதா இருந்தாலும், பெத்த புள்ளைங்க மூஞ்சியப் பாத்துகினு சாவட்டும். கட்னவள இப்டித் தனியா கொண்ணாந்து போட்டுட்டுப் போறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

இத்தனை வருஷத்தில் ஒரு வீட்டை வாங்காதே என்று அவர் சொன்னது இதுதான் முதல் தடவை. தூறல் விழ ஆரம்பித்தது. உள்ளே குணசுந்தரி தரையைக் கூட்டும் சத்தம் கேட்டது.

நீலமேகம் அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை.

"அவ புள்ளைங்ககிட்டயேதான் இருக்கப் போறா, பாய். சீக்கு எனக்கு."