நுரையாகாதவள்

ஓடென்சே நகரத் திரைப்படக் கழகத்தில் படம் முடிந்து விளக்குகள் எரிகின்றன. குரலை விற்ற கடல்கன்னி அதை மீட்டு, இளவரசனை மணந்து பாடிய கார்ட்டூன் பாட்டு இன்னும் காதில் நிற்கிறது. "நம்ம ஊர்க்காரர் எழுதின மூலக் கதைல அவ செத்துக் கடல் நுரையாத்தானே போவா? கல்யாணம் பண்ணிவச்சுக் கெடுத்துட்டானுங்க," என்று பீர்க் கோப்பையை மேசையில் இடிக்கிறார் ப்ரெபன். "அந்தச் சாவுதாங்க அழகே," என்கிறாள் நூலகர் ஆனெலிஸ். எதிரே யுட்டா கழுத்துத் துணியை அவிழ்க்கிறாள். புற்றுநோய்க்காக அறுத்த தொண்டையில் இருக்கும் துளையை, பேச்சு வருவதற்காக ஒரு விரலால் அடைத்துக்கொண்டு, ப்ரெபனின் கோப்பையில் ததும்பும் நுரையை மறுகையால் வழித்துத் தரையில் உதறுகிறாள். கரகரவென்று, ஒவ்வொரு சொல்லாக வருகிறது குரல்: "குரல் போனவ செத்தாத்தான் அழகுன்னு சொல்ல நீங்க யாருய்யா? அந்தக் கடைசிப் பாட்டைத் திரும்பப் போடுங்க. நானும் பாடணும்."