நம்ம ஆத்து ருசி

'கோணல் கொக்கு' பப்பில் முன்பெல்லாம் சாஸேஜும் மசித்த உருளைக்கிழங்கும் தட்டு வழிய வரும். லண்டனிலிருந்து ஜூலியன் வந்து அடுப்பைப் பிடித்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. அகலமான தட்டின் நடுவில் நாலு பட்டாணி, ஒரு துண்டு மீன், அதன் மேல் சோப்பு நுரை மாதிரி ஏதோ ஒன்று. சாப்பிட்டு முடித்ததும் "பிரமாதம்!" என்போம். பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய் வராது. வீட்டுக்குப் போய் ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றுவிட்டுப் படுப்போம்.

அந்த மீனை மட்டும் யாரும் குறை சொன்னதில்லை. 'எங்கள் ஆற்று டிரவுட்' என்று மெனுவிலேயே போட்டிருந்தது. ஆறு மாளிகைப் பிரபுவுக்குச் சொந்தம். அனுமதியில்லாமல் தூண்டில் போட்டால் குற்றம். ஆனாலும் பெர்சி டன்னட் வாரா வாரம் பின்வாசல் வழியாக மீன் கொண்டுவந்து கொடுப்பது ஊருக்கே தெரியும். தடயம் இருக்கக்கூடாதென்று தலையை வெட்டி, தோலை உரித்துத் துண்டுகளாகத்தான் கொடுப்பார். திருட்டு மீனின் ருசியே தனி என்று ஜூலியனும் தாராளமாகவே விலை கொடுத்தான்.

பெர்சியின் அப்பாவும் இதே தொழிலில் பேர் வாங்கியவர். ஆற்றுக் காவலர் டெவரில் எத்தனையோ ராத்திரி புதருக்குள் படுத்துக் கிடந்தும் சளி பிடித்ததுதான் மிச்சம். பெர்சி ஒருமுறைகூடச் சிக்கவில்லை. அதனாலேயே பப்பில் அவர் நுழைந்தால் நாற்காலி காலியாகும், பீர் தானாக வரும்.

"கிரிக்கெட்ல நான் பதினோராவது ஆள். தோட்டத்துல என் பூசணிக்காய்க்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைச்சதில்ல. திருட்டு மட்டும் இல்லேன்னா என்னை நாய்கூடத் திரும்பிப் பார்க்காது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அன்று அவர் மனைவி மேவிஸுக்குப் பிறந்தநாள். "பின்வாசல் வழியா நீ போனது போதும். ஒரு நாளாவது என்னை முன்வாசல் வழியா கூட்டிட்டுப் போ" என்று பிடிவாதம் பிடித்து அழைத்து வந்திருந்தாள். கழுத்தை இறுக்கும் டையோடு பெர்சி உட்கார்ந்திருந்தார்.

"இந்த மூணாவது ஃபோர்க் எதுக்கு மேவிஸ்?"

"முதுகு சொறிய. பேசாம சாப்பிடு."

மீன் வந்தது. பெர்சி அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நான் கொண்டாந்து குடுத்த மீனை நானே காசு குடுத்துத் தின்கிறேன் பாரு. இந்த ஜில்லாவிலேயே இப்படி ஒரு முட்டாளைப் பார்க்க முடியாது."

தூணுக்கு அந்தப் பக்கத்து மேஜையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. எழுந்து வந்தவர் டெவரில்.

"என்ன சொன்னே பெர்சி? யாரு கொண்டாந்த மீனு?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பெர்சியின் தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். "நம்ம ஆத்து மீனேதான்! காலமெல்லாம் அந்தத் தண்ணியைக் காவல் காக்கறவன், எனக்கா தெரியாது?"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சமையலறையிலிருந்து ஜூலியன் ஓடி வந்தான்.

"கோர்ட்டுக்குப் போனா அபராதத்தோட போகாது. தூண்டிலைப் பிடுங்கிடுவாங்க. ஆத்தங்கரைப் பக்கம் தலைவெச்சுப் படுக்க முடியாது" என்றார் டெவரில். "ஏதாவது சொல்லிக்கறியா?"

மேவிஸ் கணவரின் கையைப் பிடித்தாள். "கடையில வாங்கினதுன்னு சொல்லிடேன் பெர்சி. யாரு போய்ப் பார்க்கப் போறாங்க?"

"கடை மீனா?" ஜூலியனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் அடுப்படியிலயா? அப்படி ஒண்ணு வாசல்ல வந்தாலே எனக்கு வாசனையில தெரிஞ்சுடும்!"

"விட்டுக்குடுக்காதே பெர்சி! உங்கப்பன் பேரைக் காப்பாத்து!" என்று மூலையிலிருந்து தபால்காரர் கத்தினார்.

பெர்சிக்கு வியர்த்தது. மேவிஸ் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் அதன் பிறகு இந்த பப்பில் எந்த முகத்தோடு நுழைவது? சுற்றிலும் பார்த்தார். ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கழுத்தில் செருகிய துணியோடு எழுந்து நின்றார்.

"எழுதிக்கோ டெவரில். பழைய பாலத்துக்குக் கீழே, உன் மூக்குக்கு முன்னாடியே. ஒரு மீன் விடாம எல்லாத்தையும் நான்தான் திருடினேன்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தபால்காரர் மேஜை மேலேயே ஏறிவிட்டார். போலீசுக்குப் போன் போடுவதற்கு முன்னால் டெவரில்கூட, "கில்லாடிய்யா நீ" என்று கைகுலுக்கினார். ஊரார் பார்க்கக் கொஞ்சிப் பழக்கமில்லாத மேவிஸ், அத்தனை பேர் முன்னிலையிலும் புருஷனுக்கு முத்தம் கொடுத்தாள்.

கோர்ட்டில் அபராதம் போட்டார்கள். ஐந்து வருடம் ஆற்றங்கரையில் கால் வைக்கக்கூடாது என்றார்கள். அபராதத்தை ஊரே வசூல் செய்து கட்டியது.

அந்த வெள்ளிக்கிழமை, டவுன் சூப்பர் மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண், வாரா வாரம் வந்து வாங்கிப்போகும் பெர்சி டன்னட்டுக்காக எடுத்து வைத்திருந்த டிரவுட் பொட்டலத்தைக் கடை மூடும் நேரம்வரை பார்த்துவிட்டு, மறுபடியும் ஐஸ் மேல் வைத்தாள்.