தேர் ஓடாத வருஷம்

"இந்த வருஷம் தேர் ஓடாது! சாமியையே மறிச்சுப்புட்டானுங்க!"

மாரியம்மன் கோயில் வாசலில் நின்று பெரிய கங்காணி சிவசாமி தொண்டை கிழியக் கத்தினார்.

தேயிலைத் தோட்டமே கொதித்தது. பின்னே? மூன்று மாதத்துக்கு முன்னால்தான் தேர் போகும் ரோட்டுச் சந்தியில் ஓர் அரசங்கன்றை நட்டு, பௌத்தக் கொடியும் கட்டியது சிங்களவரின் தர்மசபை. முன்னால் ஹாமதுருமார் என்ற புத்த பிக்குகள், பின்னால் எம்.பி. எலெக்ஷனில் ஜெயித்ததிலிருந்து அவர்கள் வைத்ததுதான் சட்டம். கன்றுக்கு முன்னால் மேளமும் கூடாது, தேரும் கூடாது என்று பொலிசில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தோட்டத்து ஆளுக்குத்தான் ஓட்டே இல்லையே, எவன் கேட்கப் போகிறான்!

கீழ் லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் வேலாயிக்கு வயிறு எரிந்தது. மகள் பூரணி அம்மை போட்டுக் கிடந்தபோது, "புள்ள பொழைச்சா ஒந் தேருக்கு மாவிளக்குப் போடுறேன் தாயே" என்று நேர்ந்துகொண்டவள். பிள்ளை பிழைத்துவிட்டது. பச்சரிசி இடித்து, மாவிளக்குத் தட்டோடு வந்து நிற்கிறாள், தேர் இல்லையாம்!

"இவனுக வெளங்குவானுகளா? நானே போயி கேக்குறேன்."

"ஏ வேலாயி, நில்லு! ஒனக்கெதுக்கு இந்த வம்பு?" கங்காணி பதறினார்.

அவளா நிற்பாள்? தட்டோடு சந்திக்கு இறங்கிவிட்டாள். கன்றின் பக்கத்தில் வயதான ஹாமதுரு ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பிடித்து விளாசினாள்.

"மஞ்சத்துணியக் கட்டிக்கிட்டு ஓட்டுக் கேட்டீங்க, சரி. எங்க ஆத்தா ஒங்கள என்னா செஞ்சா? வருஷத்துல ஒருநாளு வெளிய வர்றவள மறிக்கிறீங்களே, இதுதான் புத்தர் சொன்ன தர்மமா?"

ஹாமதுரு தலையைக் குனிந்துகொண்டார்.

"சபையில் நான் வேண்டாமென்றுதான் சொன்னேன், மகளே. எம்.பி.யின் ஆட்கள் கேட்கவில்லை. அதனால்தான் காலையிலேயே பொலிசுக்குப் போய், சந்திக்கு வராமல் கீழ்ப் பாதையில் தேர் போக உத்தரவு வாங்கினேன். அந்தக் கடிதத்தைக் கங்காணி கையிலேயே கொடுத்தேனே?"

வேலாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்பறம் ஏன் தேரு ஓடாதுங்குறாரு?"

சொல்வதா வேண்டாமா என்று அவர் கொஞ்சம் தயங்கினார்.

"அந்தப் பாதை உங்கள் லயத்து வாசல் வழியாகப் போகிறதாம். 'கீழ்ச்சாதிக்காரன் வாசலுக்கு எங்கள் சாமி வராது, அதற்குப் பதில் தேர் ஓடாமலே கிடக்கட்டும்' என்று சொல்லிவிட்டார், மகளே."