ஆலோசனைப் பெட்டியில் ஒரு பிளாப்பி

ஐந்தாவது மேஜைக் கணினியிலும் கோப்பு திறக்கவில்லை. எல்லோரும் 'கச்சோ' என்று கூப்பிடும் பிரிவுத் தலைவர் முராகோஷி பிளாப்பியை வெளியே எடுத்து, துப்பாக்கிக்குத் தோட்டா போடுகிறவர் மாதிரி ஆறாவது கணினிக்குள் செருகினார்.

"இதை உருவாக்கின புரோகிராம் இந்த மெஷின்ல இல்லையாம், கச்சோ" என்று திரையைப் படித்துச் சொன்னாள் ஹமாசாகி.

"அடுத்த மெஷின். எதுல திறக்குதுன்னு பார்க்காம நான் சாப்பிடப் போறதில்ல."

"உங்க பெந்தோ சாப்பாடு ஆறிப் போகுது."

"போகட்டும்."

நகோயாவின் அந்த விளம்பர அச்சகத்தில் மொத்தம் ஏழு மேக் கணினிகள். ஏழாவதன் முன்னால் உட்கார்ந்திருந்த நிஷிவாக்கிக்கு வியர்த்த வியர்வையில், விசைப்பலகை மிதக்காததுதான் பாக்கி.

பிளாப்பி அவனுடையது. கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று கணினியில் தட்டி, கோப்புக்கு மொட்டையாக 'ஆலோசனை' என்று பெயர் மாற்றி, நேற்று சாயங்காலம் அலுவலக ஆலோசனைப் பெட்டியில் பெயர் சொல்லாமல் போட்டிருந்தான். பெயரை மாற்றிவிட்டால் எந்தக் கொம்பன் கண்டுபிடிப்பான் என்ற தைரியம்.

அந்தக் காலத்து மேக் பெயரைச் சட்டை செய்யாது என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒவ்வொரு கோப்பிலும் அதைப் பெற்ற புரோகிராமின் முத்திரை கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். இரண்டு தட்டு தட்டினால் போதும், தாயைத் தேடி ஓடும். தாயோ, ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த புத்தாண்டு அட்டை புரோகிராம். அது குடியிருப்பது நிஷிவாக்கியின் கணினியில் மட்டும்.

அதை அழித்துத் தொலைக்கலாம் என்றால், பாவி மனுஷன் பத்து நிமிஷம் முன்னால்தான் மீன்கடை விளம்பரத்தை அச்சுக்கு அனுப்பியிருந்தான். அந்த வேலை முடியும்வரை எதையும் தொட விடாத கடிகாரப் படம் திரையில் உட்கார்ந்துவிட்டது. அது எழுந்திருப்பதற்குள் ஒரு பிள்ளையைப் பெற்று, பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கல்யாணம். முன்னின்று நடத்தி வைப்பதே முராகோஷியும் அவர் மனைவியும்தான். அவர் வார்த்தைக்காகத்தான் பெண்ணின் அப்பா சம்மதித்திருந்தார். முராகோஷி விலகினால் பெண்ணும் கிடையாது.

ஆறாவது கணினி பிளாப்பியை நாக்கு மாதிரி வெளியே நீட்டியது. அதே நொடியில், அதுவரை அசையாத கடிகாரம் நிஷிவாக்கியின் திரையிலிருந்து மறைந்தது. அவன் சுட்டியைத் தொடுவதற்குள் முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம்.

"கொஞ்சம் நகரு, நிஷிவாக்கி. உன்னோடதுதான் பாக்கி."

நிஷிவாக்கி எழுந்தான். எழுந்த வேகத்தில் இடுப்பை மடக்கி, நெற்றி மேஜையில் இடிக்கும்வரை குனிந்தான்.

"மன்னிச்சிடுங்க, கச்சோ. நான்தான். வெள்ளிக்கிழமை கரோக்கேல ஒரே பாட்டைப் பதினோரு தடவை பாடறீங்கன்னு எழுதினது நான்தான்."

முராகோஷியின் கை பிளாப்பியோடு அந்தரத்தில் நின்றது.

"மீட்டிங்ல நீங்க விடற குறட்டைக்கு ஜன்னல் கண்ணாடி அதிருதுன்னு எழுதினதும் நான்தான். உங்க தலையில இருக்கறது சொந்த முடி இல்ல, மழை வந்தா அதுக்குத்தான் முதல்ல குடை பிடிக்கறீங்கன்னு…"

எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. ஹமாசாகி உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். மற்ற ஐந்து பேரும் முராகோஷியின் தலையைப் பார்த்தார்கள்.

முராகோஷி ஒரு கையால் உச்சந்தலையை மெல்ல அமுக்கிப் பார்த்துக்கொண்டார்.

"மூணு வருஷத்துல அந்தப் பெட்டியில விழுந்த முதல் ஆலோசனைன்னு ஆசையா எடுத்துக்கிட்டு மெஷின் மெஷினா அலையறேன்" என்றார், மிக மெதுவாக. "நான் இன்னும் படிக்கவே இல்லையேப்பா."