படத்துக்கு நடுவே ஒரு சிரிப்பு

புதுவாயல் தொழிற்சங்க அறையில், திரையாகக் கட்டிய வேட்டியில் படம் ஓடுகிறது. நாஜிப் படை யூதர்களை மதிலுக்குள் அடைத்துவைத்திருக்கும் தெருவில், ஒரு கிழவர் காலிப் பானையைக் கிண்டி, இல்லாத குழம்புக்கு உப்புப் பார்க்கிறார். அவரைச் சுற்றி நிற்கும் பசித்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இரும்பாலையில் விரல்களை இழந்ததிலிருந்து பேச்சே குறைந்துபோன கலியனும், திரைக்கு முன்னால் உட்கார்ந்தபடி, சிரித்துவிடுகிறான். குலுங்கும் அவன் தோளை மனைவி நர்மதா நம்பமுடியாமல் பார்க்கிறாள்.

"உஷ்! செத்துப்போனவங்க கதைங்க இது. சிரிக்காதீங்க" என்கிறார் படம் கொண்டுவந்தவர்.

கலியன் விரலில்லாத கையால் வாயைப் பொத்திக்கொள்கிறான். நர்மதா எழுந்துவிடுகிறாள், அவள் நிழல் திரையை மறைக்கிறது.

"இன்னா சார், அவங்களே சிரிச்சிக்கினு கீறாங்க. நாங்க சிரிச்சா உனுக்கு இன்னா பேஜாரு? எங்கூட்டுக்காரரு இன்னிக்குதான் சார் சிரிச்சாரு!"

அவன் கையைப் பிடித்து வாயிலிருந்து இழுக்கிறாள். அங்கே சிரிப்பு இல்லை.