எதிர்வீட்டுக் கொக்கு

எதிர்வீட்டு பால்கனியில் அந்த ஆள் இன்றைக்கும் நின்றுகொண்டிருந்தான். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போல ஒரு பாவனை. கண்ணெல்லாம் அவளுடைய படுக்கையறை ஜன்னல் மேல்தான். அவள் முறைத்ததும் கொஞ்சமாவது வெட்கப்பட வேண்டுமே! விரலை நீட்டி, அவள் தலைக்கு மேலே, அறைக்குள் எதையோ காட்டிக் காட்டிச் சைகை வேறு செய்தான்.

"த்தூ!" என்று சொல்லி, திரையைச் சர்ரென்று இழுத்து மூடினாள்.

அவளுக்கு மருத்துவப் பரிசோதனை லேபில் வேலை. சளி, சீழ், மலம் என்று நாள் முழுக்க ஊரார் உடம்பிலிருந்து வருவதையெல்லாம் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறவள். எதற்கும் மூக்கைச் சுளித்தது கிடையாது. அவளுக்கே இந்த ஆளின் பார்வை குமட்டியது.

கணவனுக்கு வெளியூர் வேலை. திரும்பி வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். தனியாக இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டுதானே இந்த ஆட்டம்? நேற்று வாசலுக்கே வந்துவிட்டான். "அம்மா, ராத்திரியில உங்க ரூமுக்குள்ள..." என்று அவன் ஆரம்பித்ததுதான் தாமதம், முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினாள். ராத்திரியில் என் ரூமைப் பார்க்க இவனுக்கு என்ன வேலை? இது இப்படியே போனால் வீட்டைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

அதனால்தான் கேமரா வாங்கினாள். ஜன்னலில் வைத்து, கையும் களவுமாகப் பிடித்து, போலீஸில் கொடுத்துவிட வேண்டும்.

தங்கையை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"கொக்கு இன்னிக்கும் நிக்குதாக்கா?"

"நிக்குது, கழுத்தை நீட்டிக்கிட்டு. நினைச்சாலே உடம்பெல்லாம் கூசுதுடி."

"சரி, ஆப் போட்டியா?"

"ஒரு மணி நேரமா மல்லுக்கட்டுறேன். 'கேமரா கிடைக்கவில்லை, கேமரா கிடைக்கவில்லை'ன்னு ஒரே பாட்டு."

"எந்த ஆப் அது?"

"ஓனர் சார் சொன்னது. டப்பாவைப் பார்த்ததுமே, இந்தக் கம்பெனி ஆப் சுத்தக் குப்பை, அதைத் தொடவே தொடாதே, இதைப் போடுன்னு எழுதியே குடுத்தார்."

வீட்டு ஓனர் கீழ்த்தளத்தில் இருப்பவர். மனுஷன் தங்கம். அவளிடம் பேசும்போது தலை நிமிர மாட்டார். வாய் நிறைய 'மகளே' என்றுதான் கூப்பிடுவார். தன்னுடைய வைஃபையையே அவளுக்கும் கொடுத்திருந்தார். குடிவந்த அன்று கட்டிலுக்கு எதிரே சுவர்க் கடிகாரம் மாட்டித் தந்தவரும் அவர்தான். "பேட்டரி போனா நானே வந்து மாத்துறேன் மகளே, நீ ஸ்டூல்ல ஏறி விழுந்து வைக்காதே" என்று சொன்னபோது அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவரும் ஓர் ஆம்பளை, எதிரே நிற்கிறதும் ஓர் ஆம்பளை!

"அவருக்கு வயசாச்சு, ஆப் பத்தி என்ன தெரியும்?" என்றாள் தங்கை. "டப்பால போட்டிருக்கிறதையே போடுக்கா. அந்தந்தக் கம்பெனி கேமராவுக்கு அந்தந்தக் கம்பெனி ஆப்தான் ஒத்துவரும்."

அதையும்தான் பார்த்துவிடலாம் என்று போட்டாள். வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தாள். திரையில் சக்கரம் சுற்றியது. அரை நிமிடம்கூட ஆகவில்லை, 'உங்கள் வைஃபையில் 2 கேமராக்கள் உள்ளன. எதைப் பார்க்க வேண்டும்?' என்று கேட்டது.

"என்னடி இது, ரெண்டு காட்டுது? நான் வாங்கினது ஒண்ணுதானே?"

"ஐயையோ! அப்ப இன்னொண்ணு எவனோ வச்சதுக்கா. வைஃபை பாஸ்வேர்டைத் திருடி உள்ளே பூந்திருக்கான்."

"கொக்கு!"

கண்ணால் பார்த்தது போதாதென்று கேமரா வேறு வைத்துவிட்டானா? எத்தனை நாளாக? என்னென்ன பார்த்துத் தொலைத்தானோ? தேய்த்துத் தேய்த்துக் குளித்தாலும் போகாத அழுக்கு ஒன்று உடம்பில் ஒட்டிக்கொண்டது போலிருந்தது. எழுந்து போய்க் கதவின் தாழ்ப்பாளை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு வந்தாள்.

"இரு, அந்த ரெண்டாவதைத் தொடறேன். அந்த நாய் எதைப் பாக்குதுன்னு நாமளும் பாத்துடலாம்."

"ஓனர் காதுல ஒரு வார்த்தை போட்டுட்டியா?"

"இன்னும் யார்கிட்டயும் மூச்சு விடல. அந்த ஆப்பைத் தூக்கிட்டு இதைப் போட்டதுகூட அவருக்குத் தெரியாது. ஆதாரம் கைக்கு வரட்டும், அப்புறம் அவரையே கூட்டிட்டுப் போய் அவனை நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்கச் சொல்றேன்."

விரலை இரண்டாவது கேமராவின் மேல் கொண்டுபோனாள்.

அதற்குள் இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. ஓனர்தான். ஆபத்துக்கு வருகிற மனுஷன் என்றால் இவர்தான் என்று நினைத்துக்கொண்டு, தங்கையை இருக்கச் சொல்லிவிட்டு எடுத்தாள்.

எப்போதும் நிதானமாகப் பேசுகிறவருக்கு இன்றைக்கு மூச்சு வாங்கியது.

"ரெண்டாவதைத் தொடாதே மகளே!"